செலின்டாவின் நாற்பத்தேழாம் அறை

மழை பெய்த மறுநாள் காலையில் பல்லேபொலயில் கடல் வரும். மஸீனாவுக்கு அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்குக் கீழே இறங்கிப் போகும் வயல்களில் யாலப் போகத்துக்காகத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். அதன் மேல் பனிமூட்டம் படுத்துக் கிடக்கும். வரம்புகள் மறைந்துவிடும். அக்கரைத் தென்னைகள் தலை மட்டும் தெரிய மிதக்கும். அறையிலிருந்த இரண்டு வட்ட ஜன்னல்களில் ஒன்றின் பித்தளை வளையத்துக்குள் முகத்தை வைத்துப் பார்த்தால், வீடு நிற்கிறதா போய்க்கொண்டிருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவள் கடலைப் பார்த்தது இரண்டே தடவை. இரண்டும் கல்யாண வீடுகளுக்குப் போகிற வழியில், வேன் ஜன்னலால். ஆனால் இந்த நாலு மாதமாக அவள் ஒரு கப்பலுக்குள்தான் இருக்கிறாள்.

கணவன் ஸுஹைல் இறந்து அவள் இத்தா இருக்கிறாள். புருஷனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், அவன் வீட்டிலேயே ஒதுங்கியிருக்கும் காலம் அது. படுக்கையறையில்தான் இருந்திருப்பாள். போன நவம்பரில் அடித்த புயலில் பின்புற மேடு சரிந்து அந்த அறையின் சுவரைத் தள்ளிவிட்டது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஸுஹைலின் நெஞ்சு நின்றுபோனபோது சுவர் இன்னும் கட்டப்படவில்லை. ஒழுகாத, கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய அறை என்று வீட்டில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அது எண்பத்தாறு வருடமாக யாரும் படுக்காத கப்பல் அறை.

அந்த அறை வந்த கதையைப் புகுந்த வீட்டில் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம்.

செலின்டா என்று ஒரு பயணிகள் கப்பல். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில், முப்பத்தொன்பதாம் ஆண்டு செப்டம்பரில், கொழும்புத் துறைமுகத்தில் நின்றபோது யுத்தம் அறிவிக்கப்பட்டது. பயணிகளைப் பெட்டியும் படுக்கையுமாகக் கரையில் இறக்கிவிட்டுக் கடற்படை கப்பலை எடுத்துக்கொண்டது. போர்க்கப்பல்கள் போதாத காலம். பயணிகள் கப்பலுக்குப் பீரங்கி கொடுத்துச் சண்டைக்கு அனுப்புவது அப்போது வழக்கமாக இருந்தது. வெள்ளை உடம்புக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். மாலையில் ஜோடி ஜோடியாக ஆடிய தளத்தைப் பிளந்து, இரும்புத் தாங்கிகள் வைத்து, முந்தைய யுத்தத்துப் பழைய பீரங்கிகளைப் பொருத்தினார்கள். அடிபட்டாலும் கொஞ்ச நேரம் மிதக்கட்டும் என்று அடித்தளம் நிறைய வெறும் பீப்பாய்களை அடைத்தார்கள். வெள்ளைக் கோட்டுடன் சூப் பரிமாறிய பணியாளர்களில் பாதிப் பேர் கப்பலிலேயே தங்கி, பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கப் பழகினார்கள். மரம் மட்டும் ஆகாது. அது தீப்பிடிக்கும். பியானோ, ஆளுயரக் கண்ணாடிகள், பிரம்பு நாற்காலிகள், முதல் வகுப்பு அறைகளின் சுவர்ப் பலகைகள் எல்லாம் துறைமுகத்து மேடையில் குவிந்தன.

அன்றைக்கு அந்த மேடையில் கொக்கோவும் மிளகும் கொடுக்க வந்திருந்தவர் அபூசாலி. ஸுஹைலின் பாட்டனார், பேரன்களுக்கு அபூசாலி அப்பா. குவியலில் ஒரு பலகையை அவர் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பட்டியலும் பென்சிலுமாக நின்ற வெள்ளைக்கார அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "நாற்பத்தேழாம் அறையைக் கொண்டுபோ. யுத்தம் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். பக்கத்திலிருந்த கிளாக்கர் அதை அப்படியே தமிழில் சொன்னார். வீட்டில் இந்தக் கதை சொல்லப்படும் போதெல்லாம் அந்தச் சிரிப்பும் விடாமல் சொல்லப்படும். முன்பின் தெரியாத ஆளை நம்பி இவ்வளவு பெறுமதியான சாமானைச் சிரித்த முகத்தோடு ஒப்படைத்தாரே, எவ்வளவு நல்ல மனிதர்!

நம்பி ஒப்படைத்தது அமானிதம். கேட்கும் நாளில் குறையில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவரை சொந்தப் பாவனைக்கு எடுக்கக் கூடாது. அபூசாலி அதை மாத்தளை வரை ரயிலிலும் அங்கிருந்து மூன்று மாட்டு வண்டிகளிலும் கொண்டுவந்தார். அடுக்கி வைத்தால் பலகை கோணிவிடும் என்று தச்சர்கள் சொன்னார்கள். ஆகவே கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் நடுவில், வயலைப் பார்த்த பக்கமாக ஓர் இடம் விட்டு, கப்பலில் இருந்த மாதிரியே அறையைப் பொருத்தி நிறுத்தினார். சுவர், கூரைப்பலகை, கட்டில், அலுமாரி, வட்ட ஜன்னல்கள், கதவின் மேல் நாற்பத்தேழு என்ற பித்தளைத் தகடு. பிறகு கதவைச் சாத்தினார். வருடத்தில் ஒரு தடவை, நோன்புக்கு முன்னால், அதைத் திறந்து துடைத்து எண்ணெய் பூசி மறுபடி சாத்துவார்கள்.

செலின்டா திரும்பி வரவில்லை. நாற்பத்தொன்றில் அத்திலாந்திக் கடலில் அடிபட்டு மூழ்கியது. ஆனால் கப்பல் மூழ்கினால் அமானிதம் மூழ்குமா? ஸுஹைல் உபதபால் அதிபராக இருந்தவர். "ஒரு தபால்காரன் உரியவருக்குச் சேராத சாமான வீட்டில வச்சிக்கிட்டு எப்படித் தூங்குறது?" என்று சொல்லிக்கொண்டு முப்பது வருடமாக எழுதினார். கப்பல் கம்பெனிக்கு, அதை வாங்கிய கம்பெனிக்கு, பிறகு அதை விழுங்கிய கம்பெனிக்கு. வந்த பதில்கள் இரண்டு. ஒன்று, தங்களிடம் அந்தக் காலத்துக் கோப்புகள் இல்லை என்பது. மற்றதில் எழுத்து ஒன்றுமில்லை, ஒரு புகைப்படம் மட்டும். சாம்பல் உடம்பில் பீரங்கிகள் துருத்திக்கொண்டிருக்க செலின்டா நின்றது, கல்யாணப் பெண்ணுக்குப் பொலிஸ் உடுப்பு மாட்டிவிட்ட மாதிரி.

உரியவரைக் கண்டுபிடிக்காமலே ஸுஹைல் போய்விட்டார். அந்தப் பொறுப்பு அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது மஸீனாவின் ஒரு பயம். இன்னொன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முதல் நாள் அந்த அறைக்குள் வந்தபோது கட்டிலைத் தொடாமல் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். சுபஹுத் தொழுகை முடிந்ததும், முகம் தெரியாத உரியவரிடம் "ஹலாலாக்கிக்கொள்ளுங்க" என்று மன்னிப்புக் கேட்டாள். தினமும் கேட்டாள். ரமழான் வந்தது, போனது. பெருநாளன்று எல்லோரும் வந்து கதவுக்கு வெளியே நின்று சலாம் சொல்லிப் போனார்கள். அதற்குள் ஏதோ ஆகிவிட்டது. பலகையின் ரேகைகள் எந்த இடத்தில் வளையும், எந்த மணிக்கு எந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் வட்டமாக வந்து விழும், மழைக்கு முன்னால் மரம் எப்படி மூச்சுவிடும் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்துபோனது. இந்த அறை தனக்கு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அடுத்தவர் பொருள் மேல் வைத்த ஆசை. மன்னிப்புக் கேட்கும்போது இப்போதெல்லாம் நாக்குத் தடுமாறியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பனி இன்னும் கலையவில்லை. கதவுத் திரைக்கு அப்பால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"மதினி, முழிச்சிருக்கீங்களா?"

பாறூக். ஸுஹைலின் தம்பி. தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர், எந்த நேரமும் அவசரத்தில் இருப்பவர், திரைக்கு முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"சுபஹோட எழும்பியாச்சு. சொல்லுங்க தம்பி."

"நாளையோட இத்தா முடியுது. வியாழக்கிழமை ரிவர்ஸ்டன் ஹோட்டல்காரங்கட லொறி வரும். இன்னைக்கு செபஸ்தியன் பாஸ் வாறாரு. கூரைக்கு மேல ஏறிப் பாத்து அளவு எடுக்க மட்டும்தான். உள்ள வர மாட்டாரு. நீங்க யோசிக்காதீங்க."

அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். புயலில் பாதி இடிந்த வீட்டைத் தட்டிவிட்டு கொங்கிரீட் சிலாப் போட்டு ஓர் உறுதியான வீடு கட்ட வேண்டும் என்பது பாறூக்கின் திட்டம். அவளுக்கும் மகள் றிப்னாவுக்கும்தான் கட்டுகிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கப்பல் அறை நடுவில் நிற்கிறது. மலை மேல் மேகத்துக்குள் ஹோட்டல் நடத்துகிறவர்கள் அதை அப்படியே கழற்றிக்கொண்டுபோய் வைப்பதாகச் சொல்கிறார்கள்.

"உரியவங்கள்ட்ட கேக்காமக் குடுக்கிறது..." என்று இழுத்தாள்.

"உரியவங்களா? மதினி, அந்தக் கப்பல் கடலுக்கடியில எண்பத்தஞ்சு வருஷமாக் கெடக்குது. கேக்கிறதா இருந்தா மீன்கிட்டத்தான் கேக்கணும்."

"மீனுக்கு மட்டும்தான், சாச்சா, வாப்பா கடிதம் போடல்ல" என்று குசினியிலிருந்து றிப்னா குரல் கொடுத்தாள். "அட்ரஸ் கெடைக்கல்ல."

பாறூக் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி குரலைத் தாழ்த்தினார். "நான் மௌலவிகிட்டக் கேட்டுட்டுத்தான் செய்றேன் மதினி. இங்க இருந்தா கறையான் திங்கும், அடுத்த மழைக்கு மேடு திரும்பவும் சரிஞ்சா எல்லாம் போயிரும். அமானிதத்தை அதவிடப் பத்திரமான எடத்துக்கு மாத்துறது பிழையில்லன்னு சொன்னாரு. ஸுஹைல் நானாவும் அதைத்தான் விரும்பியிருப்பாரு."

எனக்கு வேண்டும் என்று சொல்ல அது அவளுடையதா? "சரி தம்பி" என்றாள். செருப்பு மாட்டும் சத்தம், லொறி கிளம்பும் சத்தம். ஜன்னலில் தென்னைகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன.

செபஸ்தியன் பாஸ் பத்து மணிக்கு வந்தார். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பழைய பங்களாக்களைக் கழற்றுவதிலேயே வயதைக் கழித்த தச்சர். ஜன்னல் துணிக்கு வெளியே அவர் குரல் கனமாக, நிதானமாக வந்தது.

"அம்மா, உள்ளுக்குத்தான் இருக்கீங்களா? நான் செபஸ்தியன். ஓடு ரெண்டு கழட்டி மேல எறங்கப் போறேன். தூசி கீசி விழுந்தா ஏசிப்புடாதீங்க."

"ஏசுறதுக்கு ஒங்க மொகத்தைக்கூடப் பாக்கல்லையே பாஸ்."

"பாக்காததே நல்லதும்மா. எங்க வூட்டு டொறீன் பாத்துட்டுத்தான் ஏசுறா."

மஸீனாவுக்குச் சிரிப்பு வந்தது. நாலு மாதத்தில் சிரித்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். வெளியே அவர் ஜன்னல் வளையத்தைத் தட்டிப் பார்ப்பது கேட்டது. விரலால் தட்டிவிட்டுக் காதால் கேட்கிறவர்களின் தட்டல்.

"யாரும்மா இதப் பூட்டினது? ஸ்க்ரூவெல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது, பள்ளிக்கூடப் புள்ளைங்க மாதிரி. ஒண்ணுகூடத் துருப்புடிக்கல்ல. இதக் கழட்டவே கை வராது போல இருக்கே."

"கழட்டத்தானே வந்திருக்கீங்க."

"இன்னைக்கு அளக்கத்தாம்மா." மறுபடி வளையத்தைத் தட்டினார். "நீங்க கப்பல்ல போயிருக்கீங்களா?"

"நாலு மாசமாப் போய்க்கிட்டிருக்கேன்."

"எந்தப் பக்கமா?"

"அது இன்னும் தெரியல்ல பாஸ்."

"பரவாயில்லம்மா. ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஏணியில் ஏறினார்.

ஓடு நகர்ந்தது. தலைக்கு மேலே வெள்ளைப் பூச்சுப் பூசிய கூரைப்பலகைகளுக்கு அப்பால் ஆள் ஊர்ந்து போகும் சத்தம். மெல்லிய தூசி இறங்கியது. வெளிச்ச வட்டத்துக்குள் வந்ததும் அது பொன்னாகி, அங்கேயே நின்று சுற்றியது. மஸீனா பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் தளத்தில் யாரோ நடக்கிறார்கள், கீழே அறையில் பயணி ஒருத்தி காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். யுத்தம் வந்த அன்றைக்கு இந்த அறையில் இருந்தவளும் இப்படித்தான் கேட்டிருப்பாளோ? என்ன நடக்கிறது என்று புரியாமல், பெட்டியைத் திறந்தபடி வைத்துக்கொண்டு?

சத்தம் நின்றது.

"அம்மா." குரல் கூரையிலிருந்தே வந்தது. "இங்க பலகைக்குப் பின்பக்கம் எழுத்து இருக்கு. பெயின்ட்டுல. எல்லாப் பலகையிலயும் ஒரே எழுத்து."

"என்ன எழுதியிருக்கு?"

"இங்கிலீசு. நமக்கு அளவு நம்பர் மட்டும்தான் ஓடும். போட்டோ புடிச்சு தங்கச்சி போனுக்கு அனுப்பவா?"

றிப்னா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனுடன் அறைக்குள் வந்தாள். இருபத்தாறு வயது. மாத்தளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வைத்தியர்களின் கிறுக்கல்களையெல்லாம் வாசித்துப் பழகியவள், இதை வாசிக்க நேரமெடுத்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். அடுத்த படம். அதற்கடுத்தது. நரைத்த பலகையில் ஆளின் முழங்கை நீளத்துக்கு வெள்ளை எழுத்து, அச்சுத் தகடு வைத்துப் பூசியது. மேலே நாற்பத்தேழு. அதன் குறுக்கே ஒரு பெரிய கோடு. கீழே திகதியும் யாருடையதோ ஒரு குறுங்கையெழுத்தும்.

"என்ன புள்ள?"

"கழிவு" என்றாள் றிப்னா. "கழிவு, விறகுக்கு. அப்படித்தான் உம்மா போட்டிருக்கு. எல்லாத்திலயும்."

மஸீனாவுக்கு விளங்கவில்லை. றிப்னா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவங்க இத யாருக்கும் தந்து வைக்கல்ல உம்மா. கப்பல்லயிருந்து எறக்க முந்தியே விறகுன்னு எழுதி வீசியிருக்காங்க. மூத்தப்பா, இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாம, போய் விறகுக் குவியலைத் தடவிக்கிட்டு நின்டிருக்காரு. அந்தத் துரை பகிடிக்கு, வந்து எடுத்துக்கிறோம்னு சொல்லியிருக்கான்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எண்பத்தாறு வருடமாக வீட்டில் சொல்லிக்கொண்டு வந்த அந்தச் சிரிப்பு இப்போது மஸீனாவின் காதில் வேறு மாதிரிக் கேட்டது. துறைமுக மேடையில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒருவன் சிரிக்கிறான். எதிரே தொப்பியும் சாரமுமாக ஒரு மனிதர் பலகை மேல் கையை வைத்து வாக்குக் கொடுக்கிறார். கப்பலில் ஏறிப்போய் அவன் அதை மறந்தும் போயிருப்பான். அவனுக்குக் குண்டுகள் இருந்தன, கடல் இருந்தது. மறக்காமல் இருந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இருந்தார்கள். ஸுஹைல் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முப்பது வருடமாக எழுதினாரே. *பெருமதிப்புக்குரிய ஐயா, தங்களுக்குச் சொந்தமான நாற்பத்தேழாம் இலக்க அறை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது...*

விறகு. பத்திரமாக இருக்கிறது.

"அம்மா," என்று கூரை கேட்டது, "நான் ஏதும் பிழையாச் சொல்லிப்புட்டனா?"

"இல்ல பாஸ். எறங்குங்க. தேத்தண்ணி ஊத்தச் சொல்றேன்."

றிப்னா குசினிக்குப் போனதும் மஸீனா எழுந்து நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. ஸுஹைலின் கழுத்தில் ஒன்றும் தொங்கவில்லை. எப்போதுமே தொங்கியதில்லை. அவர் யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் கையை வைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல், கால்களைத் தூக்கி வைத்துப் படுத்தாள். அது ஓர் ஆளுக்கு மட்டும் அளவெடுத்துச் செய்த கட்டில். உருண்டு விழாமலிருக்க ஓரத்தில் உள்ளங்கை உயரத்துக்குப் பலகை. அதற்குள் உடம்பு பொருந்தியதும் கண் தானாக மூடிக்கொண்டது.

கப்பல் வயலை விட்டு நகர்ந்தது. சத்தமே இல்லை. தண்ணீர் கட்டிய வயல்கள் ஒன்றுக்குள் ஒன்று திறந்து வழி விட்டன. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் தட்டில் மூடி போட்டு எதையோ எடுத்துக்கொண்டு போனார்கள், மூடியைத் திறந்தால் சிலதில் சூப், சிலதில் குண்டு. இரண்டையும் ஒரே பணிவோடு நீட்டினார்கள். மேல் தளத்தில் பியானோவைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அது காற்றில் தொங்கிக்கொண்டு தானே ஒரு தரம் முனகிற்று. ஒருவன் வாளியும் தூரிகையுமாக வந்து எல்லாவற்றுக்கும் சாம்பல் பூசிக்கொண்டே போனான். படிக்கட்டு, நாற்காலிகள், பெட்டிகள், பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்த குழந்தைகளின் தொப்பிகள். அவளைத் தாண்டிப் போகும்போது மட்டும் தூரிகையைத் தூக்கிக்கொண்டான். நடைபாதையின் கடைசியில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குப் பின்னால் ஸுஹைல். முன்னால் கடிதக் குவியல். ஒவ்வொன்றாக எடுத்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. வரிசையில் யாருமில்லை, அவள் மட்டும். நல்ல ஈரக் காற்று. எங்கோ ஏலக்காய் காய்கிற வாசம். "எறங்கப் போறீங்களா, இருக்கப் போறீங்களா?" என்று கேட்டார். பதிவுத் தபாலா சாதாரணத் தபாலா என்று ஊரில் எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில். அவள் வாயைத் திறந்தாள்.

"உம்மா. உம்மா, எழும்புங்க."

வெளிச்ச வட்டம் கட்டிலுக்கு வந்திருந்தது. றிப்னா அவள் தோளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். உம்மா கட்டிலில் படுத்திருப்பதை அவள் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

"நாளைக்கு துஆ ஓத வரச் சொல்லி மௌலவி வூட்டுக்குக் கோல் எடுத்தேன். எந்தப் பிறையில வாப்பா மௌத்தானதுன்னு அவங்கட பொஞ்சாதி கேட்டாங்க. போன்ல பாத்துச் சொன்னேன். எண்ணிப் பாத்தா உம்மா, ஒங்கட இத்தா நேத்தோட முடிஞ்சிது."

"நாளைக்குத்தானே?"

"அது சாச்சா கணக்கு. மையத்து வீட்டில நின்டுகிட்டு, டயர்க்கடைக் கலண்டர்ல இங்கிலீஷ் மாசம் நாலு, அதுக்கு மேல பத்து நாள்னு எண்ணி வட்டம் போட்டிருக்காரு. பிறை மாசமில்லையா எண்ணணும்! அது ரெண்டு நாள் முந்தியே வந்திரும். நாம எல்லாரும் அந்த வட்டத்தையே பாத்துக்கிட்டிருந்திட்டம்."

மஸீனா எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப இன்னைக்குக் காலையில சாச்சாவோட திரைக்குப் பின்னால நின்டு பேசினது?"

"சும்மா."

"பாஸோட துணிக்குள்ளால பேசினது?"

"அதுவும் சும்மா." இம்முறை றிப்னா அடக்காமல் சிரித்தாள். மஸீனாவும் சிரித்தாள்.

குளித்து, நாலு மாதமாக உடுத்த வெள்ளையை மாற்றி, இளம்பச்சையில் ஒரு சேலை உடுத்தி, முக்காடு போட்டுக்கொண்டு முன் வாசலுக்கு வந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பனி முழுதாகக் கலைந்திருந்தது. வயல் வயலாகவே கிடந்தது, வரம்பில் கொக்கு நின்றது. அளவெடுத்து முடித்து, படியில் உட்கார்ந்து இரண்டாவது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஆள் அவசரமாக எழுந்தார். குரலை வைத்து ஆறடி ஆளாக நினைத்திருந்தாள். செபஸ்தியன் பாஸ் அவள் தோளுயரம்தான் இருந்தார். தலைமுடி முழுக்கக் கூரைத் தூசி.

"இப்ப ஏசலாம்மா" என்றார்.

"தலையைத் தொடச்சிட்டு வாங்க பாஸ், பெறகு ஏசுறேன்."

பாறூக்கின் லொறி அப்போதுதான் ஒழுங்கைக்குள் திரும்பியது. இறங்கியவர் வாசலில் மதினி நிற்பதைக் கண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். றிப்னா ஓடிப்போய் இரண்டு செய்திகளையும் ஒரே மூச்சில் சொல்லி, போனையும் கையில் கொடுத்தாள். அவர் இத்தாக் கணக்கைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"விறகா?" என்றார் கடைசியில். "அபூசாலி அப்பா விறகையா மூணு வண்டியில ஏத்திக்கிட்டு வந்தாரு?" பிறகு, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினவர் போல, "அல்ஹம்துலில்லாஹ். நானாட கழுத்தில ஒண்ணுமில்ல. நான் மௌலவிகிட்டப் போயிருக்கவே தேவையில்ல. வேல லேசாப் போச்சு மதினி. வியாழக்கெழம வரைக்கும் ஏன், லொறிய நாளைக்கே வரச் சொல்லலாம்."

"தம்பி" என்றாள் மஸீனா.

திரையில்லாமல் அவரோடு பேசுவது விசித்திரமாக இருந்தது. குரல் தன்னுடையது போலவே இல்லை.

"மௌலவிகிட்ட நீங்க என்னத்தைக் கேட்டீங்க?"

"அமானிதத்தைப் பத்திரமான எடத்துக்கு மாத்தலாமான்னு."

"இது அமானிதமா?"

"இல்லைங்கிறதைத்தானே சொல்றேன்."

"அப்ப இது யாரோடது?"

பாறூக் போனிலிருந்து தலையைத் தூக்கினார். படியில் தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்த செபஸ்தியன் பாஸும் நிமிர்ந்து பார்த்தார்.

"வீசினதை அபூசாலி அப்பா எடுத்தாரு. அப்ப அது அவருட சொத்து" என்றாள் மஸீனா. ஒவ்வொரு சொல்லாக, ஏணிப் படியில் கால் வைத்துப் பார்ப்பது போல. "அவருக்குப் பெறகு ஒங்க வாப்பாட. அதுக்குப் பெறகு ஒங்க நானாடயும் ஒங்களோடயும். நானாட பங்கு இப்ப யாருக்கு?"

"ஒங்களுக்கும் றிப்னாவுக்கும்... எனக்கும் அதுல கொஞ்சம் வரும்" என்றார் பாறூக். "சரிதான்."

"அடுத்தவங்கட சாமான்னா பத்திரமா எங்கயும் கொண்டுபோய் வைக்கலாம். சொந்தச் சாமான்னா பங்குக்காரங்களக் கேக்கணும். இல்லையா தம்பி?"

"கேக்கணும்தான். இப்பக் கேக்கிறேன் மதினி. என்ன சொல்றீங்க?"

அவர் உண்மையாகவே கேட்டார். பதில் என்ன என்று தெரிந்துகொண்டு கேட்டது போலத்தான் முகம் இருந்தது. தலையாட்டுவாள், 'ஒங்க விருப்பம் தம்பி' என்பாள், அவர் போனை எடுப்பார். அந்த வீட்டில் அந்த அறையைப் பற்றி எண்பத்தாறு வருடமாக எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். துடைக்க வேண்டும் என்றார்கள், காக்க வேண்டும் என்றார்கள், கொடுக்க வேண்டும் என்றார்கள்.

"எனக்கு வேணும்" என்றாள் மஸீனா.

சொன்ன பிறகு காது சுட்டது. ஆனால் சொல்லைத் திருப்பி எடுக்கத் தோன்றவில்லை.

"வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?" பாறூக்குக்குக் கோபமில்லை, மெய்யாகவே புரியவில்லை.

"இருக்கப் போறேன்."

"அதுக்குள்ளயா? சிலாப் வீடு கட்ட நான் எல்லாரோடயும் பேசி முடிச்சிருக்கேன்..."

"கட்டுங்க. அதைச் சுத்திக் கட்டுங்க."

"சுத்திக் கட்டலாங்க மொதலாளி" என்று செபஸ்தியன் பாஸ் இடையில் விழுந்தார். "மூலைக்கு ஒண்ணா நாலு தூணு எழுப்பி மேல சிலாப்ப ஓட்டிப்புட்டா இது உள்ளுக்குள்ள நோகாம நிக்கும். பின்னால மேட்டுக்கு ஒரு அணைச் சொவரு வைங்க. கழட்டிப் பூட்டுறத விட லேசு."

"பாஸ், ஒங்களைக் கூட்டிக்கிட்டு வந்தது ஹோட்டல்காரன். நீங்க யார்ட ஆளு?"

"நான் அளக்க வந்த ஆளுங்க. அளவு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பாறூக் அண்ணன் மகளைப் பார்த்தார். றிப்னா வானத்தைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு முற்றத்தில் ஒரு சுற்று நடந்தார். லொறியின் டயர் ஒன்றைக் காலால் தட்டினார். பிறகு, தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்து, போனை எடுத்தார்.

மறுமுனையில் ஹோட்டல் முகாமையாளர். பாறூக் சிங்களத்தில் பேசினார், தம்புள்ளையில் பேரம் பேசுகிற உரத்த சிங்களம். இல்லை மாத்தயா, அறை தர முடியாது. இல்லை, வேறு ஹோட்டலுக்கும் இல்லை. மன்னிக்க வேண்டும், வாக்குக் கொடுத்தது உண்மைதான், அப்போது எங்களுக்கே தெரியாது. என்ன தெரியாதா? உரித்துக்காரர் இருக்கிறார் என்று. ஆமாம், கிடைத்துவிட்டார். இன்றைக்குத்தான்.

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். பாறூக் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். நாலு மாதத்தில் முதல் தடவையாக மதினியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் உரித்துக்காரர் எங்க இருந்தாருன்னு கேக்கிறான் மதினி. என்ன சொல்றது?"

"உள்ளுக்குள்ளதான் இருந்தேன்னு சொல்லுங்க" என்றாள் மஸீனா.